பாலிஷ் போட்ட ஸ்பிட்ஃபயர்

2019 ஆகஸ்ட் 5 அன்று இங்கிலாந்தின் குட்வுட் விமானத்தளத்திலிருந்து ஒரு ஸ்பிட்ஃபயர், அதாவது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் ஓட்டிய சண்டை விமானம், கிளம்பியது. ஸ்காட்லாந்து, ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, கனடா, அமெரிக்கா, அலாஸ்கா, ரஷ்யா, ஜப்பான், பிறகு தென்கிழக்கு ஆசியா, இந்தியா, வளைகுடா என்று உலகத்தை ஒரு வலம் வந்துவிட்டு டிசம்பர் 5 அன்று அதே குட்வுட்டில் இறங்கியது. ஏறக்குறைய 43,000 கிலோமீட்டர். விமானம் 1943-இல் செய்தது, எண் எம்.ஜே.271. போரில் 51 முறை சண்டைக்குப் போய்வந்தது. போர் முடிந்ததும் நெதர்லாந்து விமானப்படைக்குப் போய், அங்கேயே ரொம்ப காலம் காட்சிப் பொருளாக நின்றது. அதை வாங்கிப் பிரித்து மேய்ந்து, திரும்பப் பூட்டி, பெயிண்டை எல்லாம் எடுத்துவிட்டு, அலுமினியம் கண்ணாடி மாதிரி மினுங்கும்வரை பாலிஷ் போட்டுப் பறக்கவிட்டார்கள். ‘சில்வர் ஸ்பிட்ஃபயர்’ என்று பெயர்.

நான் பிழைப்புக்குச் செய்வது பழைய வீட்டு மராமத்து. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், அரியக்குடி என்று நம் செட்டிநாட்டுப் பக்கத்து ஊர்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் திறந்து, ஓடு மாற்றி, தூணுக்கு ஒட்டுப் போட்டு, சாந்து பூசித் தருவது. விமானத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், தொழில் சம்பந்தம்தான். எண்பது வருஷத்துச் சாமானைப் பிரித்துப் பூட்டுகிறவன் உலகத்தில் எங்கே இருந்தாலும் எனக்குச் சக தொழிலாளி. அதனால் அந்த நாலு மாசமும் அதைப் பின்தொடர்ந்தேன். இன்றைக்கும் அந்த விமானத்தைப் பற்றி எனக்கு ஒரு பெரிய மரியாதையும் ஒரு சின்னக் கோபமும் உண்டு.

முதலில் மரியாதை.

உலகம் சுற்றுவதற்குச் செய்த விமானமில்லை ஸ்பிட்ஃபயர். வீட்டுக்கு மேலே வரும் எதிரியை எழும்பிப் போய் அடித்துவிட்டுத் திரும்பி வரச் செய்தது. உள் தொட்டி 85 கேலன்தான், 386 லிட்டர். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய இருநூறு லிட்டர் குடிக்கும் ரோல்ஸ்ராய்ஸ் மெர்லின் இன்ஜின், பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர் கொள்ளளவு. ஆக, தொட்டியை நிரப்பினால் 700 கிலோமீட்டர், அவ்வளவுதான். காரைக்குடியில் எழும்பினால் கொழும்புக்கு நிம்மதியாகப் போகலாம். ரங்கூனுக்கு நேர்கோட்டில் 2,000 கிலோமீட்டர், நடுவில் இரண்டு இடத்திலாவது இறங்கியாக வேண்டும். 43,000-ஐ 700-ஆல் வகுத்துப் பாருங்கள், அறுபதுக்கும் மேல் வருகிறது. அத்தனை முறை ஏற வேண்டும், அத்தனை முறை இறங்க வேண்டும்.

வானத்தில் அது தேவதை என்று ஓட்டியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். தொல்லையெல்லாம் தரையில்தான். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கும், பக்கக் காற்று அடித்தால் ஆட்டம் காணும். வால் தரையில் உட்கார்ந்திருப்பதால் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஓட்டுபவருக்கு நேர் எதிரே இருப்பது தெரியாது. அதனால் ஓடுபாதைக்குப் போகும்போதே பாம்பு மாதிரி வளைந்து வளைந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். அதையும் வேகமாகச் செய்யணும். இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் இறக்கைக்கு அடியில் இருக்கிறது, காற்று நன்றாக ஓடினால்தான் அதற்கு வேலை. தரையில் நின்றபடி இன்ஜின் ஓடினால் சூட்டுமானியின் முள் கிடுகிடுவென ஏறும். இங்கிலாந்துக் குளிரிலேயே இந்தப் பாடு என்றால் நம் நாட்டு வெயிலைக் கேட்கவே வேண்டாம். கத்தரி வெயிலில் யாராவது அதை இங்கே கொண்டுவந்து ‘கொஞ்சம் பொறுங்கள், முன்னால் ஒரு விமானம் இறங்குகிறது’ என்று நிறுத்திவைத்தால் கதை அங்கேயே முடிந்தது.

பெட்ரோலும் லேசில் கிடைப்பதில்லை. இன்றைய பெரிய விமானங்கள் எல்லாம் குடிப்பது மண்ணெண்ணெய் ஜாதி. மெர்லினுக்கு வேண்டியது உயர்ரக விமானப் பெட்ரோல். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் அது எந்தத் தளத்திலும் தயாராக இருக்காது. முன்கூட்டியே சொல்லி, அனுப்பி, காத்திருக்க வைக்க வேண்டும். கூடவே ஒரு பிலாட்டஸ் விமானம் மெக்கானிக்குகளையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போனது. ஸ்பிட்ஃபயரில் ஒரே இருக்கை. ஸ்டீவ் புரூக்ஸ், மாட் ஜோன்ஸ் இருவரும் மாறி மாறி ஓட்டினார்கள். புரூக்ஸ் ஏற்கெனவே 2003-இல் அண்டார்டிகா பக்கம் ஹெலிகாப்டரோடு கடலில் விழுந்து, சிலி நாட்டுக் கடற்படை காப்பாற்றிக் கரைசேர்த்த மனிதர். அதற்கப்புறமும் ஒற்றை இன்ஜினை நம்பி வட அட்லாண்டிக்கைத் தாண்டக் கிளம்பியிருக்கிறார். நெஞ்சழுத்தக்காரர்தான்.

இவ்வளவு அபாயத்தோடு இதைப் பறக்கவிடுவானேன், அருங்காட்சியகத்தில் வைத்தால் இன்னும் நூறு வருஷம் இருக்குமே என்று கேட்கிறவர்கள் உண்டு. இந்தக் கேள்வி வீட்டு விஷயத்தில் வாரத்துக்கொரு தடவை என் காதில் விழுகிறது. ‘பூட்டியே வைத்துவிடுவோம், பாழாகாமல் இருக்கும்’ என்பார்கள் பங்காளிகள். பூட்டிய வீடுதான் முதலில் பாழாகும். முகப்பில் ஓர் ஓடு நகர்ந்தது யாருக்கும் தெரியாது. இரண்டு மழை அந்த வழியாக இறங்கி உத்தரத்தில் உட்காரும். முன்னோர் படைப்புக்கு வந்து கதவைத் திறக்கும்போது பட்டாலைக் கூடத்தின் மேல் வானம் தெரியும். ஆள் புழங்கும் வீட்டில் சொட்டுகிற அன்றைக்கே ஒருவர் ஏணி வைத்திருப்பார். இன்ஜினும் அப்படித்தான். ஓடாத மெர்லினில் சீல்கள் காய்ந்துபோகும், உள்ளே ஈரம் கோத்துத் துரு ஏறும். ஓடுகிற இன்ஜினில் எங்கே எண்ணெய் கசிகிறது என்று தினமும் ஒருவர் அடியில் படுத்துப் பார்க்கிறார். அதனால் பறக்கவிட்டது சரி என்பதே என் கட்சி.

என்னோடு வேலை செய்யும் ஆசாரி அண்ணனிடம் இந்த விமானத்தின் இறக்கை எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் போனில் படம் காட்டி விளக்கினேன். ஸ்பிட்ஃபயரின் இறக்கைக்கு முதுகெலும்பாக ஒரு பிரதான விட்டம் ஓடுகிறது. அதன் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒவ்வொன்றும் ஐந்து சதுரக் குழாய்களால் ஆனவை. ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். உடம்போடு சேரும் இடத்தில் ஐந்தும் இருக்கும். நுனியை நோக்கிப் போகப் போகப் பாரம் குறைவதால் ஒவ்வொரு குழாயாக நின்றுவிடும். எங்கே பாரமோ அங்கே கனம், எங்கே பாரமில்லையோ அங்கே லேசு. ஆசாரி அண்ணன் படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார். “கழுந்து வச்சவன் தெரிஞ்சவன்தான் தம்பி” என்றார். கழுந்து என்பது ஒரு மரத்தை இன்னொன்றில் செருகும் முளை. அவர் இந்தச் சொல்லை எல்லாருக்கும் கொடுப்பவர் இல்லை. இந்த விமானத்தை வடிவமைத்த ஆர்.ஜே. மிட்செல் 1936 மார்ச்சில் முதல் ஸ்பிட்ஃபயர் பறந்ததைப் பார்த்தார். அடுத்த வருஷமே புற்றுநோயில் இறந்துபோனார். மொத்தம் இருபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் ஒன்று சண்டைக்குப் போனதைக்கூட அவர் பார்க்கவில்லை.

இன்னொரு கதையும் சொன்னேன். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டின் தலை வெளியே புடைத்துக்கொண்டிருந்தால் காற்று தடுக்கும், தகட்டோடு சமமாகப் பதித்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் பதிப்பது கஷ்டமான வேலை, நேரம் பிடிக்கும், காசும் அதிகம். எல்லா இடத்திலும் பதிக்கத்தான் வேண்டுமா? பதித்த ரிவெட் போட்ட விமானம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு ரிவெட் மேலும் உடைத்த பட்டாணிப் பருப்பைப் பசை வைத்து ஒட்டினார்கள். பறக்கவிட்டுப் பார்த்தால் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம் குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பருப்பைச் சுரண்டிச் சுரண்டிப் பறக்கவிட்டார்கள். இறக்கையில் கண்டிப்பாகப் பதிக்கணும், உடம்பில் பல இடங்களில் புடைத்திருந்தாலும் பாதகமில்லை என்று தெரிந்தது. கோடிக்கணக்கில் செலவாகும் முடிவை ஒரு படி பருப்பு எடுத்துக் கொடுத்திருக்கிறது. எங்கே நுணுக்கம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்து செலவு செய்வது ஒரு தனி அறிவு. நம் வீடுகளிலும் விருந்தாளி உட்காரும் முகப்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்த பூச்சு கண்ணாடியாக இருக்கும், பின்கட்டு அடுப்படிச் சுவரில் சாதாரணச் சுண்ணாம்புதான்.

சரி, கோபத்துக்கு வருகிறேன்.

பாலிஷ். எனக்கு ஆகாத சொல் அது. வெளியூரிலிருந்து பழைய வீட்டை வாங்கி ஓட்டல் ஆக்க வருபவர்கள் முதல் நாளே கேட்பது, “தூணெல்லாம் பாலிஷ் போட்டுப் பளிச்சுன்னு ஆக்கிடலாமா?” ஆக்கலாம். ஆனால் அந்தத் தூணில் கை உயரத்துக்கு ஓர் எண்ணெய்க் கறுப்பு இருக்கிறதே, மூன்று தலைமுறை சாய்ந்து உட்கார்ந்து தலையெண்ணெய் ஏறிய கறுப்பு, அது போய்விடும். நிலைக்கதவின் மேல் கல்யாணத்துக்குக் கல்யாணம் அடித்த பெயிண்ட் அடுக்கடுக்காக இருக்கும். நகத்தால் சுரண்டினால் பச்சை, அதற்கடியில் நீலம், அதற்கடியில் காவி. எல்லாவற்றையும் இழைத்துத் தள்ளினால் மிஞ்சுவது நல்ல பர்மாத் தேக்கு. அழகுதான். எந்த வீட்டுத் தேக்கு என்று மட்டும் சொல்லாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் இப்படிப் பளபளக்கும் தூண்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன, போய்ப் பாருங்கள்.

சில்வர் ஸ்பிட்ஃபயரைப் பார்க்கும்போதும் எனக்கு அதுதான் தோன்றியது. துப்பாக்கி இல்லை, விமானப்படையின் வட்டச் சின்னம் இல்லை, படைப்பிரிவின் எழுத்து இல்லை. காரணம் புரியாமல் இல்லை. பழைய போரில் எதிரெதிரே நின்ற நாடுகளுக்குள் போர்க்கோலத்தோடு இறங்க முடியாது. ஒரு ஜப்பான்காரர் தன் ஊரில் அந்த வட்டச் சின்னத்தைப் பார்க்க விரும்பாமல் இருக்கலாம். தவிர, வேலைப்பாடு தெரிய வேண்டுமென்றால் வெறும் உலோகமே நல்லது. எல்லாம் நியாயம். ஆனால் பெயிண்டோடு சேர்ந்து போவதில் நம் கணக்கும் ஒன்று இருக்கிறது.

1940-இல் பிரிட்டனின் விமான உற்பத்தி மந்திரி பீவர்புரூக் பிரபு நிதி திரட்ட ஒரு யோசனை செய்தார். ஐயாயிரம் பவுன் கொடுத்தால் ஒரு ஸ்பிட்ஃபயர் உங்கள் உபயம். விமானியின் இருக்கைக்குப் பக்கத்தில் கொடுத்தவர் பெயரையோ ஊரையோ எழுதுவார்கள். அப்போது ஒரு ரூபாய்க்கு ஒன்றரை ஷில்லிங், அதன்படி ஐயாயிரம் பவுன் என்பது ஏறக்குறைய 66,667 ரூபாய். சமஸ்தானங்கள் கொடுத்தன, மாகாணங்கள் கொடுத்தன. சென்னை மாகாணம் கொடுத்த நிதிக்கு நன்றியாக பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 என்ற மூன்று படைப்பிரிவுகளின் பெயரோடு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று சேர்த்தார்கள். அதில் 234-ஆம் பிரிவு ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. 79-ஆம் பிரிவு பின்னால் இந்தப் பக்கமே வந்து பர்மா முனையில் சண்டை போட்டது.

ஆக, ஸ்பிட்ஃபயரின் ஐந்தொகையில் வரவுப் பக்கம் நம் மாகாணத்துப் பணமும் ஏறியிருக்கிறது. எல்லாரும் மனமுவந்து கொடுத்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதே 1940-இன் கடைசியில் காந்தி தனிநபர் சத்தியாக்கிரகம் தொடங்கினார். ஆளாலோ பணத்தாலோ இந்த யுத்தத்துக்கு உதவுவது தவறு என்று சொல்லிச் சிறைக்குப் போவதுதான் அதன் வேலைத்திட்டம். ஒரு பக்கம் ஐயாயிரம் பவுன் உபயம், இன்னொரு பக்கம் காசு கொடுக்காதே என்று சொன்னதற்குச் சிறை, இரண்டும் ஒரே மாகாணத்தில் ஒரே சமயத்தில். அந்த இழுபறியும் விமானத்தின் வரலாறுதான். பளபளப்பில் அது பிடிபடாது.

நம் ஊருக்கு இன்னும் நெருக்கமான கணக்கு ஒன்று இருக்கிறது. 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். நம் செட்டியார்கள் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வட்டித்தொழில் செய்யப் போன ஊர் ஒரே நாளில் ஓடிவர வேண்டிய ஊர் ஆனது. மொகல் தெருவின் வட்டிக்கடைப் பெட்டியடிகளைப் பூட்டிவிட்டு, கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில், கிடைக்காதவர்கள் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்தார்கள். அந்த நாளில் ரங்கூனைக் காக்கப் போதுமான விமானம் இல்லை. ஸ்பிட்ஃபயர் ஒன்றுகூட இல்லை. இங்கிலாந்தும் மால்ட்டாவும் முதலில் கேட்டன. பர்மா முனைக்கு ஸ்பிட்ஃபயர் வந்து சேர்ந்தது 1943-இன் கடைசியில். அதற்குள் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது என்பதெல்லாம் பத்திரத்தோடு நின்றுபோயிருந்தது.

1942 ஏப்ரலில் கொழும்பு, திரிகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா எல்லாம் குண்டு வாங்கியதும் சென்னையே பாதி காலியானது. தெற்கே அவசர அவசரமாக ஓடுதளங்கள் போட்டார்கள். உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, சோழவரம், அப்புறம் நம் செட்டிநாடு. சோழவரம் பின்னால் கார் பந்தயத் தடமானது. செட்டிநாட்டுத் தளம் கால்நடைப் பண்ணைப் பக்கம் முள்ளும் புதருமாகக் கிடக்கிறது. அங்கே விமான நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு மட்டும் தேர்தலுக்குத் தேர்தல் இறங்கி ஏறும்.

பர்மா என்றதும் புதையல் கதையைச் சொல்லாமல் விட முடியவில்லை. போர் முடிந்தபோது பெட்டியைக்கூடப் பிரிக்காத ஸ்பிட்ஃபயர்களை ரங்கூன் மிங்கலடான் விமானத்தளத்தில் புதைத்துவிட்டுப் போனார்கள் என்று ஒரு நம்பிக்கை. டேவிட் கண்டால் என்ற இங்கிலாந்து விவசாயி இதற்காகப் பல வருஷம் அலைந்தார். 2012-இல் பிரிட்டிஷ் பிரதமர் கேமரூன் பர்மா போனபோது அதிபரிடமே இந்தப் பேச்சை எடுத்தார். 2013 ஜனவரியில் தோண்டினார்கள். ஒன்றும் இல்லை. பழைய ஆவணங்களைப் புரட்டியவர்கள், அப்படி விமானங்கள் அங்கே வந்து இறங்கியதற்கே ஆதாரம் இல்லை என்றார்கள். எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ரங்கூன் வீட்டுக் கொல்லையில் எங்கள் அய்யா பவுனைப் புதைத்துவிட்டு வந்தார் என்று சொல்லாத குடும்பம் நம் ஊரில் எத்தனை? எண்பது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பவுன் எடை கூடிக்கொண்டே போகிறது.

இந்தியாவிலும் ஒரு மீட்புக் கதை உண்டு, அது வெள்ளி விமானத்துக்கு நேர் எதிர். 2018-இல் ஒரு பழைய டகோட்டா விமானத்தைப் புதுப்பித்து இங்கிலாந்திலிருந்து பறக்கவிட்டே கொண்டுவந்தார்கள். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் விமானப்படைக்குக் கொடுத்த பரிசு. அவருடைய தந்தை டகோட்டா ஓட்டிய விமானப்படை அதிகாரி. ‘பரசுராமா’ என்று பெயர் வைத்து, வி.பி.905 என்ற எண்ணை எழுதினார்கள். அது 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படையோடு இறங்கிய டகோட்டாவின் எண். இந்த விமானத்தின் எண் அல்ல. அங்கே உள்ள பெயிண்டை எடுத்துவிட்டார்கள், இங்கே இல்லாத பெயிண்டைப் போட்டார்கள். வீட்டு வேலையிலும் இரண்டாவது வகையைப் பார்க்கிறேன். இடித்த வீட்டு நிலைக்கதவை வாங்கிப் புது வீட்டுக்கு வைத்து, ‘நூற்றைம்பது வருஷத்து வீடு’ என்று போர்டு மாட்டுவார்கள். அதோடு ஒப்பிட்டால் டகோட்டா எவ்வளவோ தேவலை, யாரை நினைத்து அந்த எண் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். இரண்டில் எது மேல் என்று கேட்டால் எனக்குப் பரசுராமாதான். வெறும் உலோகத்தைப் பார்த்து யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எண்ணைப் பார்த்தால் ஒரு பையனாவது ‘அது என்ன 905?’ என்று கேட்பான்.

ஸ்பிட்ஃபயரை நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அங்கே நிற்பது எட்டாம் ரகம். எண்பதுகள் வரை பறந்த விமானம், இப்போது கூரைக்கடியில் நிற்கிறது. இறக்கையின் முன்விளிம்பைப் பக்கத்தில் நின்று பாருங்கள், ரிவெட்டின் தலை தட்டுப்படாது. அப்படியே பின்னால் வந்து உடம்பைப் பாருங்கள். எங்கே புடைத்திருக்கிறது, எங்கே சமமாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள். ஆசாரி அண்ணன் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.